படியெடுத்தால் முகம் வருமா?

திருப்பதிக்கு அருகிலுள்ள ஸ்ரீகாளஹஸ்தியில் கலம்காரி பழகுபவர், ஆசான் வரைந்த உருவங்களையே திரும்பத் திரும்ப வரைந்து கை தேறுகிறார். கடுக்காயும் பாலும் ஏறிய துணியில் புளியங்குச்சிக் கரியால் கோடு விழுகிறது. அங்கே வரையும் ராமனுக்கு யாருடைய சாயலும் வேண்டாம். மரபின் சாயல் போதும். அதனால் அங்கே படியெடுப்பதே முழுக் கல்வி.

உயிருள்ள மனிதரின் முகத்தைத் தத்ரூபமாகத் தீட்டவும் இதே வழி போதுமா? பாதி வழிக்குப் போதும் என்பேன்.

பழைய தைலவண்ண ஓவியம் ஒன்றைப் படியெடுப்பவருக்கு ஓர் அரிய வசதி உண்டு: முகம் அசையாது, வெளிச்சம் மாறாது. கன்னத்து நிழல் வெறும் கறுப்பல்ல, அதில் பழுப்பும் பச்சையும் கலந்திருக்கின்றன என்பதைக் கண் நிதானமாகக் கண்டுகொள்கிறது. காதோரம் எங்கே மங்கிப் பின்னணியில் கரைகிறது என்பதும் பிடிபடுகிறது. வான்கோவே 1880-81இலும், மறுபடி 1890இலும், பிரெஞ்சு ஓவியர் ஷார்ல் பார்கின் பயிற்சிப் படங்களைப் படியெடுத்தார்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. முடிந்த ஓவியம் தான் உருவான வரிசையை மறைத்துவிடுகிறது. எது முதல் பூச்சு, எது கடைசித் தீற்றல் என்று அதில் தெரியாது. 1868இல் திருவனந்தபுரம் வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சன், இளம் ரவிவர்மாவுக்குப் பாடம் சொல்லித்தரவில்லை என்பார்கள். தான் தீட்டுவதைப் பார்க்க மட்டும் விட்டார். அந்தப் பார்வையில் கிடைத்த வரிசை எந்தப் பிரதியிலும் கிடைக்காது. இன்று நம்மவர் பார்ப்பது பெரும்பாலும் அச்சுப் படத்தையோ கைப்பேசித் திரையையோதான். ரவிவர்மாவின் மூல ஓவியங்கள் சிலவோ சென்னை எழும்பூர் அருங்காட்சியகத் தொகுப்பில் இருக்கின்றன.

இன்னொன்று என்னை அதிகம் உறுத்துகிறது. ஐரோப்பிய முகங்களையும் ரவிவர்மாவின் வெளுத்த நாயகிகளையும் மட்டுமே படியெடுத்த கை, நம் ஊர் வெயிலில் கறுத்த முகத்தைத் தீட்டும்போது தானாகவே ரோஜாநிறத்தைத் தேடுகிறது. நம் தோலில் வெளிச்சம் விழும் விதமே வேறு. மினுமினுப்பு கூர்மையாக நிற்கும், நிழலில் நீலமும் செம்மையும் ஒளிந்திருக்கும். மறைந்த ஓவியர் இளையராஜா, ஜன்னல் வெளிச்சத்தில் நம் கிராமத்துப் பெண்களைத் தீட்டி இதை மெய்ப்பித்தார். அந்த நிறத்தைக் கடன் வாங்க அவருக்கு எந்தச் செவ்வியல் படமும் இல்லை.

ஆகவே முழு ஓவியத்தையும் மாதக்கணக்கில் நகலெடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கண்ணும் மூக்குநிழலும் உள்ள ஒரு துண்டை மட்டும் காலையில் படியெடுங்கள். மாலையில் அதே கோணத்து வெளிச்சத்தில் அம்மாவையோ அத்தையையோ உட்காரவைத்து, அதே துண்டைத் தீட்டுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், படத்திலிருந்து வந்தது எது, பார்த்துத் தீட்டியது எது என்று பிரித்தறியலாம்.