பழைய டொமைனின் விலை எதில் இருக்கிறது?

பயணத் தளம் தொடங்க நினைப்பவரிடம் டொமைன் தரகர் முதலில் எடுத்து வைப்பது வயதை. இருபது ஆண்டுப் பழசு, அதனால் கூகுள் மேலே ஏற்றும், அதனால் இந்த விலை என்பது அவர் வாதம். இதன் முதல் படியே நிற்காது.

இந்த நம்பிக்கைக்கு ஒரு வேர் இருக்கிறது. 2003 டிசம்பரில் கூகுள் விண்ணப்பித்த காப்புரிமை ஒன்றில், டொமைன் பதிவு விவரங்களையும் தரவரிசைக்குப் பயன்படுத்தலாம் என்ற யோசனை இடம்பெற்றது. காப்புரிமையில் எழுதியதெல்லாம் நடைமுறைக்கு வந்துவிடுவதில்லை. டொமைனின் வயதால் தேடலில் பலன் இல்லை என்று கூகுளின் ஜான் முல்லர் 2019இல் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். பழைய தளங்கள் முன்னால் நிற்கின்றன என்றால், அவை பல ஆண்டுகள் எழுதிச் சேர்த்த பக்கங்களும் பிறர் அவற்றுக்குக் கொடுத்த இணைப்புகளுமே காரணம். வயதுக்குத் தர வேண்டிய விலை பூஜ்யம். எஞ்சுபவை இரண்டு: இணைப்புகள், பெயர்.

இணைப்புகளை எண்ணிப் பார்ப்பது பயன் தராது. யார் கொடுத்தது, எதற்காகக் கொடுத்தது என்று பார்க்க வேண்டும். ஒரு மாநிலச் சுற்றுலாத் துறையோ நாளிதழின் பயணப் பகுதியோ மலையேற்ற வழிகாட்டிக்காகத் தந்த ஓர் இணைப்பு, விலைக்கு வாங்கிய ஆயிரம் இணைப்புகளைவிட மேலானது. இணைப்புகளை ஆராயும் கருவிகளான மோஸ், ஏரெஃப்ஸ் தரும் மதிப்பெண்கள் அந்த நிறுவனங்களின் சொந்தக் கணிப்பு; கூகுள் அவற்றைப் பார்ப்பதில்லை, செயற்கையாக ஏற்றவும் முடியும். தளங்களின் பழைய பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் ஆண்டுவாரியாகத் திறந்து பார்த்தால் உண்மை தெரியும். இடையில் சில காலம் சூதாட்டத் தளமாக ஓடியிருந்தால் அங்கேயே விலகிவிடலாம்.

சுத்தமான வரலாறு மட்டும் போதாது. காலாவதியான டொமைனை வாங்கி, அதன் பழைய நற்பெயரை வைத்துத் தரமற்ற பக்கங்களை மேலே ஏற்றுவதை 2024 மார்ச்சில் கூகுள் விதிமீறலாக அறிவித்தது. மூடிய பள்ளியின் டொமைனில் ஹோட்டல் முன்பதிவுப் பக்கங்களைக் குவிப்பவர் இந்த விதியில் நேரே சிக்குவார். மலையேற்றத் தளத்தின் டொமைனை வாங்கி, பழைய பக்கங்களை அதே முகவரிகளில் மீட்டு, மலையேற்றம் பற்றியே தரமாக எழுதுபவர் சிக்கமாட்டார். பொருளைத் தொடர்பவருக்கு மட்டுமே அந்த இணைப்புகள் சொத்து.

பெயரின் மதிப்பு வேறு கணக்கு. 2007இல் விடுமுறை வாடகை வீடுகளுக்கான ஹோம்அவே நிறுவனம் வெக்கேஷன்ரென்டல்ஸ் டாட் காம் என்ற பெயரை 3.5 கோடி டாலருக்கு வாங்கியது. பயண முன்பதிவு நிறுவனமான எக்ஸ்பீடியாவின் கைக்கு அது போய்விடக் கூடாது என்பதே நோக்கம் என்று ஹோம்அவேயின் தலைவர் பின்னர் கூறினார். 2015இல் ஹோம்அவேயையே எக்ஸ்பீடியா வாங்கிக்கொண்டது. அந்த விலை ஒரு போட்டியின் விலை; அதை அளவுகோலாக வைத்துச் சிறு தளத்துக்கு விலை பேசுவது தவறு. பொருளைச் சொல்லும் பெயர் என்பதற்காகத் தரமற்ற தளங்கள் பெற்றுவந்த சலுகையைக் கூகுள் 2012இலேயே குறைத்தது. நீண்ட பெயரோடு 2008இல் தொடங்கிய ஏர்பிஎன்பி, அடுத்த ஆண்டே அதைச் சுருக்கி, அகராதியில் இல்லாத ஒரு சொல்லைத்தான் உலகறியச் செய்தது.

சட்டத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பார்சிலோனா டாட் காம் வழக்கில், வெறும் நகரப் பெயர் வணிகக் குறியாகாது என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2003இல் டொமைன் உரிமையாளர் பக்கம் நின்றது. ஒரு ஹோட்டல் குழுமத்தின் பெயர் டொமைனுக்குள் இருந்தால் நிலைமை தலைகீழ். கொடுத்த பணம், டொமைன் இரண்டும் போகலாம்.

ஆகவே என் மதிப்பீடு இது. அந்த நல்ல இணைப்புகளைப் புதிதாக ஈட்ட ஆகும் செலவு, அதோடு எளிதில் நினைவில் நிற்கும் பெயரால் விளம்பரத்தில் மிச்சமாகும் தொகை. இவற்றிலிருந்து பழைய பக்கங்களை மீட்கும் செலவைக் கழித்தால் வருவதே உச்ச விலை. இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் காட்ட முடியாத விற்பவருக்கு அந்தப் பகுதிக்காக ஒரு ரூபாயும் தர வேண்டாம். சிறு முதலீட்டில் தொடங்கும் பெரும்பாலோருக்குப் புதிய பெயரே சரியான தேர்வு. மிச்சமாகும் பணம், எழுதப்போகும் ஊர்களுக்கு நேரில் போய்வருவதில் செலவாகட்டும். நல்ல இணைப்புகளைப் பெற்றுத் தருவது அந்த எழுத்துதான்.