படைக்கல விலை: பாத்திரமேற்பு விளையாட்டுகள் பற்றிய ஒரு திறனாய்வு

முன்னுரை

புறநானூற்றின் 95ஆம் பாட்டு தமிழ் மாணவர் நன்கறிந்தது. அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதராகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார், அவனுடைய படைக்கலங்களைக் காண்கிறார். அவை மயிற்பீலியாலும் பூமாலையாலும் ஒப்பனை செய்யப்பெற்று, நெய் தடவப்பெற்றுக் காவல்மனையில் பளபளக்கின்றன. அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லனின் பட்டறையில் கிடக்கின்றன என்று ஔவையார் கூறுகிறார். புகழ்வதுபோலப் பழித்த இப்பாட்டில் ஒரு பொருளியல் உண்மையும் அடங்கியுள்ளது. பயன்படும் கருவி தேயும். தேய்ந்ததைச் சீர்செய்ய ஒருவன் உழைக்க வேண்டும். அவ்வுழைப்புக்கு ஒரு விலை உண்டு.

இவ்வுண்மையை இன்றைய இளைஞர் ஆடும் ஒரு விளையாட்டோடு பொருத்திக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும். மேசையைச் சுற்றி நால்வர் ஐவர் அமர்ந்து, ஒருவர் கதையை நடத்த, ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசியும் பகடை உருட்டியும் ஆடுவது பாத்திரமேற்பு விளையாட்டு. சிங்கப்பூரில் பலகை விளையாட்டுக் கடைகளிலும் மாணவர் மன்றங்களிலும் இதனைக் காணலாம். இதனை வெறும் பொழுதுபோக்கு என ஒதுக்குவோர் ஆசிரியருள் பலர். ஆயின், ஒரு கற்பனை உலகைச் சொல்லாலேயே கட்டி எழுப்பும் எந்தக் கலையும் மொழியாசிரியரின் கவனத்துக்கு உரியதே. அவ்வுலகில் வாளும் கவசமும் என்ன விலை பெறுகின்றன, பழைய வாளை மேம்படுத்த என்ன கொடுக்க வேண்டும் என்னும் வினா சிறிதாகத் தோன்றினும், அவ்வுலகம் உயிருள்ளதா என்பதை அளந்து காட்டும் கோல் அதுவே.

விலைப்பட்டியலின் வரலாறு

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் அமெரிக்கர் இருவர் ஆக்கிய 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974இல் வெளிவந்தது. அதன் முதற் பட்டியலில் தோற்கவசம் 15 பொற்காசு. முழுத் தகட்டுக் கவசம் 50 பொற்காசு. 1978இல் வந்த விரிவுபட்ட கையேட்டில் தோற்கவசம் 5 ஆகத் தாழ்ந்தது. தகட்டுக் கவசம் 400 ஆக உயர்ந்தது. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் அவை முறையே 10, 1,500 ஆயின. இரண்டுக்கும் இடையிலுள்ள விகிதம் மூன்று மடங்கிலிருந்து எண்பது மடங்காகி, பின்னர் நூற்றைம்பது மடங்காகியது. கவசம் செய்யும் தொழில் இடையில் மாறிவிடவில்லை. ஆடுவோர் எத்தனை நாள் பொருள் சேர்த்த பின்னர் அக்கவசத்தை அணியலாம் என்னும் ஆக்கியோரின் எண்ணமே மாறியது.

கைகாக்ஸ் தம் விலைகளுக்கு ஒரு விளக்கமும் தந்தார். பொன்வேட்டைக் காலத்து அலாஸ்கா நகரங்களைப் போலப் பணம் மிகுந்து பொருள் அருகிய இடத்தில் கதை நிகழ்வதாகக் கொள்ளுங்கள் என்றார். விலையேற்றத்துக்கு உலகியல் காரணம் ஒன்றைத் தேடிய அம்முயற்சி பாராட்டுக்குரியது. ஆயினும் பொன்வேட்டை நகரில் முட்டையும் மண்வெட்டியும் சேர்ந்தே விலை ஏறும். தோல் மலிந்து தகடு மட்டும் எண்பது மடங்காவது அவ்விளக்கத்துக்குள் அடங்காது.

செய்கூலியும் சேதாரமும்

செராங்கூன் சாலையின் நகைக்கடைக்குச் செல்லும் தமிழ்க் குடும்பத்துக்கு மேம்பாட்டின் கணக்கு புதிதன்று. பழைய சங்கிலியைக் கொடுத்துப் புதியதை வாங்கும்போது தங்கத்தின் எடைக்கு ஒரு விலை, பொற்கொல்லனின் கைவினைக்குச் செய்கூலி, உருக்குவதிலும் அராவுவதிலும் இழக்கும் பொன்னுக்குச் சேதாரம் என மூன்று கூறுகள் நம் வணிக வழக்கில் நெடுங்காலமாக உள்ளன. சிங்கப்பூரில் இவற்றின்மேல் பொருள் சேவை வரியும் சேரும். 2024 சனவரி முதல் அது 9 விழுக்காடு. படிப்பறியாத பாட்டியும் இக்கணக்கை வாய்ப்பாடின்றிச் சொல்லுவார். பல கூறுகள் இருப்பதால் மட்டும் ஒரு கணக்கு கடினமாவதில்லை. ஒவ்வொரு கூறும் எதற்கு என்று விளங்காதபோதே அது கடினமாகிறது.

இவ்வளவுகோலால் மூன்றாம் பதிப்பை அளந்து பார்க்கலாம். அதில் நீள்வாள் 15 பொற்காசு. தேர்ந்த கைவினையால் ஆன வாளாயின் 300 மிகுதி. இந்த 300 செய்கூலியே அன்றி வேறில்லை. முன்னரே செய்து முடித்த வாளுக்குப் பின்னர் அச்சிறப்பை ஊட்ட இயலாது என்றும் விதி கூறுகிறது. உலைக்களத்தில் அமையாத தரம் பின்னால் வாராது என்பதை ஆக்கியோர் உணர்ந்திருந்தனர். ஆனால் 2 காசு பெறும் குத்துவாளுக்கும் அதே 300. 50 காசு பெறும் இருகைப் பெருவாளுக்கும் அதே 300. எந்த நகைக்கடையும் மூக்குத்திக்கும் ஒட்டியாணத்துக்கும் ஒரே செய்கூலி கேட்பதில்லை. இங்கே எளிமைக்காக உண்மை சற்று விட்டுக்கொடுக்கப்பட்டுள்ளது.

மந்திர ஆற்றலின் விலை இன்னும் நுட்பமானது. படைக்கலத்தின் ஆற்றல் எண்ணைத் தன்னாலேயே பெருக்கி, 2,000ஆல் மீண்டும் பெருக்கினால் விலை வரும். ஆற்றல் ஒன்றுக்கு 2,000, இரண்டுக்கு 8,000, மூன்றுக்கு 18,000, ஐந்துக்கு 50,000. இருபது முகப் பகடையில் ஒவ்வொரு படியும் தருவது ஒரே ஒரு முகத்தின் நன்மை, அதாவது ஐந்து விழுக்காடு. நன்மை சீராக ஏற, விலையோ தாவித் தாவி ஏறுகிறது. இதனை உலகியலுக்கு முரண் என்பார் உளர். அக்கூற்று பொருந்தாது. நல்ல மாணவனைச் சிறந்த மாணவனாக்கும் கடைசி ஐந்து மதிப்பெண்ணுக்கு எத்துணை உழைப்பு வேண்டும் என்பதை ஆசிரியர் அறிவர். எளிய ஒரு வாய்பாடு உண்மையையும் சுமக்க முடியும் என்பதற்கு இது சான்றாகும்.

இவ்விதியின் உண்மையான சிறப்பு வேறோர் இடத்தில் உள்ளது. ஆற்றல் ஒன்றுடைய நீள்வாளின் முழுவிலை 2,315. ஆற்றல் இரண்டுடையதன் விலை 8,315. பழைய வாளையே மேம்படுத்துவோர் வேறுபாடாகிய 6,000 மட்டும் தந்தால் போதும். அதனை விற்றுப் புதியதை வாங்குவோர் பாதி விலையாகிய 1,157½ காசே பெறுவர். எனவே கையிலிருந்து 7,157½ காசு போடவேண்டும். வாளைப் பிரிந்தால் இழப்பு; வாளோடு வாழ்ந்தால் இழப்பில்லை. ஒரு கழித்தற் கணக்கு, வீரனையும் அவன் தந்தை தந்த வாளையும் கதை முழுவதும் சேர்த்து வைக்கிறது. நகைக்கடையில் பாட்டியின் சங்கிலி உருகிப் பெயரற்ற பொன்னாகிறது. இங்கோ பழையது பழையதாகவே நின்று வளர்கிறது. உரைநடையில் பத்துப் பக்கம் எழுதி விளக்க வேண்டிய பற்றினை விலை விதி ஒன்று ஓசையின்றி ஊட்டுகிறது.

குறை எங்கே எனில், சேதாரம் இல்லை. எத்தனை போரிட்டாலும் நாள்தோறும் தேய்மானத்துக்கெனச் செலவு எதுவும் எழுதப்படுவதில்லை. அதியமானின் வேல் அங்கே பட்டறைக்கு வாராது. தொண்டைமானின் காவல்மனைப் படைக்கலம் போலவே எப்போதும் புதிதாக மின்னும்.

எளிமையின் எல்லை

எளிமையை நாடியோர் மறுகரைக்கும் சென்றனர். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு, மந்திரப் பொருள்களை அருமை நோக்கி வகுத்து ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு வரம்பு மட்டுமே கூறியது. அரிய பொருளின் விலை 501 முதல் 5,000 வரை. பத்து மடங்கு அகலமுள்ள அவ்வரம்புக்குள் விலையைத் தீர்மானிக்கும் சுமை கதை நடத்துநர் தலைமேல் விழுந்தது. நூலில் எளிமை, மேசையில் வாதம். 2024இல் வந்த கையேடு ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரே தொகையை வரையறுத்து, அரிய பொருளுக்கு 4,000 என நிலைநிறுத்தியது. பத்தாண்டுப் பட்டறிவு கற்பித்த திருத்தம் அது எனலாம். ஜான் ஹார்ப்பரின் 'பிளேட்ஸ் இன் த டார்க்' (2017) இன்னும் துணிந்து, குழுவின் கருவிகளை மேம்படுத்துவதைக் காசுக் கணக்கிலிருந்தே விலக்கி, குழுவின் வளர்ச்சிக்கு உரிய பரிசாக்கியது. அங்குப் பேரம் இல்லை. பேரம் தரும் சுவையும் இல்லை.

மேம்பாடு என்னும் சொல்லைச் சிங்கப்பூரரைவிட அன்றாடம் கேட்போர் அரியர். 2007இல் அறிவிக்கப்பட்ட இல்ல மேம்பாட்டுத் திட்டம் இவ்விடத்து நினைக்கத்தக்கது. பழுதுற்ற காரையையும் கழிவுநீர்க் குழாயையும் சீர்செய்யும் இன்றியமையாப் பணிகளின் செலவைச் சிங்கப்பூர்க் குடிமக்களுக்காக அரசே ஏற்கிறது. கழிவறைப் புதுப்பிப்பு, புதிய கதவு முதலிய விருப்பப் பணிகளுக்கு வீட்டின் வகைக்கேற்ப, மூவறை வீட்டார் 5 விழுக்காடும், நாலறை வீட்டார் 7.5 விழுக்காடும், ஐந்தறை வீட்டார் 10 விழுக்காடும் தருகின்றனர். தகுதியுள்ள குடிமக்கள் இல்லங்களில் 75 விழுக்காட்டினர் இசைந்தாலன்றிப் பணி தொடங்காது. தேய்ந்ததைச் சீர்செய்தல் வேறு, உள்ளதை உயர்த்துதல் வேறு என்று இத்திட்டம் பிரித்துக் காண்கிறது. விளையாட்டு விதிகள் பெரும்பாலும் காணத் தவறிய வேறுபாடு இதுவே. இரண்டையும் ஒரே விலைக்குள் திணிக்கும்போது பட்டியல் பெருக்கிறது. இரண்டையும் மறக்கும்போது உலகம் வறளுகிறது.

முடிவுரை

உண்மையா எளிமையா என்று கட்சி பிரிந்து வாதிடுவதால் பயனில்லை. விலை விதி ஒன்றை மூன்று வினாக்களால் சோதிக்கலாம். செய்தவனின் உழைப்பு அதில் தெரிகிறதா? பயன்பாட்டின் இழப்பு அதில் தெரிகிறதா? அடுத்தவர் பேசத் தொடங்குமுன் மனக்கணக்காக அதனைப் போட்டு முடிக்கலாமா? மூன்றாம் பதிப்பு முதல் வினாவில் தேறுகிறது, இரண்டாவதில் தவறுகிறது, சிறு எண்களில் மட்டும் மூன்றாவதில் தேறுகிறது. ஒவ்வொரு கதைப்பகுதி முடிந்ததும், ஆடுவோர் தம் முதன்மைப் படைக்கலத்தின் அடிப்படை விலையில் பத்தில் ஒரு பங்கைக் கொல்லனுக்குத் தருவதாக ஒரு விதி சேர்த்தால் போதும். 1,500 காசுக் கவசத்துக்கு 150. 75 காசுக் கவசத்துக்கு 7½. செல்வன் மிகுதியாகத் தருவான், வறியவன் வாழ்வான், கொல்லனும் கதையில் ஒரு பாத்திரமாவான்.

தமிழ் வகுப்பில் மாணவரை ஒரு கற்பனை நகரின் கடைப்பட்டியலை எழுதச் சொல்லிப் பார்க்கலாம். எடை, செய்கூலி, சேதாரம், கழிவு, பேரம், முன்பணம் என்னும் சொற்கள் பாடநூலிலிருந்து எழுந்து வந்து வேலை செய்யத் தொடங்கும். அவற்றை அவர்கள் வீட்டில் கேட்டிருப்பர். தாமே ஆளும் வாய்ப்புத்தான் குறைவு. கொல்லனின் பட்டறையில் கிடக்கும் நுனி சிதைந்த வேல் ஏன் பெருமைக்குரியது என்பதை, அதற்குக் கூலி கொடுத்துப் பார்த்த மாணவன் உரையின் துணையின்றியே உணர்வான்.