‘பயணம் செய்யாத’ வைன்

பரிசில் ரெஸ்ரோரண்ட் ஒன்றின் நிலக்கீழ் அறையில் கோப்பை கழுவிய காலத்தில்தான் வைன் எனக்கு அறிமுகமானது. மேலேயிருந்து இறங்கிவரும் போத்தல்களில் மிச்சம் கிடந்ததை முகர்ந்து பார்ப்பதும், லேபிளை எழுத்துக்கூட்டி வாசிப்பதுமாக, போர்தோ எது பூர்கோஞ் எது என்று ஓரளவு பிடிபட்டது. நல்ல வைன் என்றால் அது பரிசுக்கு வந்தே தீரும், வராதது வைனே இல்லை என்ற எண்ணமும் கூடவே வளர்ந்தது. அந்த எண்ணத்தைக் கெடுத்தது சுவிற்சர்லாந்து.

லோசானில் இருக்கும் மச்சான் ஒரு இலையுதிர்காலத்தில் என்னை லவோ மலைச்சரிவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். லெமான் ஏரிக்கரையில், லோசானுக்கும் மொந்திரோவுக்கும் இடையில், ஏறக்குறைய 800 ஹெக்டேயர் திராட்சை. எல்லாம் கற்சுவர் எழுப்பிக் கட்டிய படிகள். மத்திய காலத்துத் துறவிகள் தொடக்கி வைத்த வேலை. 2007இல் யுனெஸ்கோ இதை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. இந்தக் கொடிகளுக்கு மூன்று சூரியன் என்பார்கள்: வானத்தில் ஒன்று, ஏரி நீரில் தெறிப்பது ஒன்று, பகல் முழுக்கச் சூடேறிய கற்சுவர் இரவில் தருவது மற்றது.

அங்கே ஒரு சிறிய கடையில் குடித்தது தெசாலே. ஷஸ்லா என்ற வெள்ளைத் திராட்சையில் செய்வது. முதல் மிடறு ஏமாற்றம்தான். பழ வாசமும் இல்லை, புளிப்பும் பெரிதாக இல்லை. ஆனால் இரண்டாவது கிளாசில் விஷயம் திறந்தது. மழை பட்ட கல்லின் மணம், விழுங்கிய பிறகு நாவின் பின்புறத்தில் மெல்லிய கசப்பு. அதிகம் பேசாத மனிதர் பக்கத்தில் இருப்பது போன்ற வைன். நூற்றுக்கு இத்தனை என்று புள்ளி போடும் விமர்சகர்களிடம் இப்படிப்பட்டவை தோற்றுப்போவதில் வியப்பில்லை. உரத்துப் பேசுபவற்றுக்குத்தான் அங்கே புள்ளி. (எங்களிடம் ஆறு சுவை உண்டு. சிவப்பு வைனின் பிடிப்பைத் துவர்ப்பு என்று ஒரே சொல்லில் சொல்லிவிடலாம். வலே மாநிலத்துப் பெத்தித் ஆர்வின் வாயில் விட்டுப்போவதை உவர்ப்பு எனலாம். பிறகேன் வைனைப் பற்றிப் பேச பிரெஞ்சுக்காரரிடம் சொல் கடன் வாங்குகிறோமோ தெரியவில்லை.)

"அங்க கொண்டுபோனா இந்த ருசி வராது அத்தான். இது பயணம் செய்யாத வைன்" என்றார் மச்சான். இது அவருடைய கண்டுபிடிப்பு அல்ல. பிரெஞ்சு பேசும் உலகமெங்கும் புழங்கும் வாசகம். உல்லாசப் பயணிகள் இதை ஒரு மந்திரம்போல் நம்புகிறார்கள். என்னுடைய சண்டை இந்த வாசகத்தோடுதான்.

இரண்டு போத்தல்களைச் சூட்கேசில் வைத்துப் பரிசுக்குக் கொண்டுவந்தேன். ஒன்றை அடுத்த பெப்ரவரியில், ஏரியும் மலையும் இல்லாத குசினியில், மீன் பொரியலோடு திறந்தோம். அதே கல், அதே கசப்பு. மற்றதை ஆறு வருடம் மறந்துபோயிருந்து திறந்தபோது தேனும் வால்நட்டுமாக முன்னதைவிட நன்றாக இருந்தது. வைன் பயணம் செய்கிறது. அதை ஏற்றி அனுப்ப ஆள் இல்லை, அவ்வளவுதான்.

காரணங்கள் மந்திரம் அல்ல, கணக்கு. சுவிற்சர்லாந்து முழுவதிலும் 15,000 ஹெக்டேயருக்குச் சற்றுக் குறைவாகத்தான் திராட்சை இருக்கிறது. போர்தோ மட்டும் இதைப்போல ஆறு மடங்கு. விளைவதை அவர்களே குடித்துத் தீர்க்கிறார்கள். நாட்டைவிட்டு வெளியே போவது நூற்றில் ஒன்று அல்லது இரண்டு பங்கு. 2001 வரை வெள்ளை வைன் இறக்குமதிக்கு அளவுக் கட்டுப்பாடும் இருந்ததால் வெளியே சந்தை தேடும் தேவை வரவில்லை. செங்குத்தான படிகளில் பெரிய இயந்திரம் ஏறாது. மனிதர் ஏற வேண்டும், அவருக்குச் சுவிஸ் கூலி கொடுக்க வேண்டும். அந்த விலையில் அதைப் பரிஸ் கடைக்காரர் ஏன் வாங்கப்போகிறார்?

அந்த மனிதர் யார் என்று விளம்பரத் தாள்கள் சொல்வதில்லை. துறவிகளோடு கதையை முடித்துவிடுகிறார்கள். வெவே நகரத்தில் ஒரு தலைமுறைக்கு ஒருமுறை, கடைசியாக 2019இல், நடந்த திராட்சைத் தோட்டக்காரர் விழாவில் முடிசூட்டப்படுவது முதலாளி அல்ல, கொடி பராமரிக்கும் தொழிலாளி. இது மதிக்கத்தக்க வழக்கம். ஆனால் அதே நாட்டில்தான் தோட்டத்திலும் கட்டட வேலையிலும் ஹொட்டேலிலும் உழைத்த இத்தாலியரும் ஸ்பானியரும் போர்த்துக்கீசரும் ஒன்பது மாதப் பருவகால அனுமதியில் இருந்தார்கள். குடும்பத்தைக் கூட்டிவர அனுமதி இல்லை. கூட்டிவந்தவர்கள் பிள்ளைகளை அறைக்குள் சத்தமில்லாமல் ஒளித்து வளர்த்தார்கள். அந்த அனுமதி முறை 2002இல்தான் ஒழிந்தது. விசாவுக்காகக் காத்திருந்த எங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

உண்மையில் விற்பனைக்கு வராத வைனை அடுத்த பயணத்தில் கண்டேன். வலேயில் அனிவியே பள்ளத்தாக்கு மக்கள் முன்பு ஆண்டுக்குப் பலமுறை இடம்மாறியவர்கள். சியேர் நகரடியில் திராட்சை, மேலே மலையில் மாடு. மாடு கன்றோடும் பாதிரியாரோடும் ஏறுவார்கள், இறங்குவார்கள். கீழே செய்த வைனைக் கோவேறு கழுதையில் மேலே ஏற்றி, லார்ச் மரப் பீப்பாயில் வைத்தார்கள். பீப்பாயை வெறுமையாக்குவதில்லை. எடுத்த அளவுக்குப் புதியதை ஊற்றி நிரப்புவார்கள். கிரிமென்ஸ் கிராமத்து ஊர்ச்சபையின் நிலவறையில் இருக்கும் மிகப் பழைய பீப்பாய் 1886ஆம் ஆண்டினது. பனியாற்று வைன் என்று பெயர். பிசின் மணமும் பழைய செரியின் காரமும். குடிக்க இன்பமானது என்று சொல்லமாட்டேன். ஆனால் கிளாசைக் கீழே வைக்க மனம் வரவில்லை. ‘பயணம் செய்யாத’ வைன் என்று இன்று காட்டப்படுவது இப்படி மலையேறி வந்தது.

பயணம் செய்யவே முடியாத பானம் ஒன்று எங்களுக்குத் தெரியும். காலையில் இறக்கிய பனங்கள்ளு பின்னேரம் வேறாகிவிடும், மறுநாள் புளித்துவிடும். முட்டியில் சுண்ணாம்பு பூசினால் கருப்பநீராகலாம், கள்ளாகாது. லாச்சப்பல் கடைகளில் போத்தல் கள்ளு வாங்கியிருக்கிறேன். கொதிக்கவைத்து அடங்கிய இனிப்பு, நுரை இல்லை. மச்சான் சொன்ன வாசகம் பொருந்துமானால் அதற்குத்தான் பொருந்தும். ஆனால் நாங்கள் அதையும் ‘மண்ணின் மணம்’ என்று எழுதி முடித்துவிடுகிறோம். மரமேறி இறக்கி, பிளாவில் ஊற்றித் தந்தவரை எங்கள் வீட்டு விறாந்தையில் இருத்தவில்லை என்பதை எழுதுவதில்லை.