சிங்கத்தின் பின்கால்கள்
குங்ஃபூ பள்ளி மாணவர்கள் திருவிழாத் திடலில் குத்தும் உதையும் காட்டி முடித்ததும் இருவர் சேர்ந்து ஆடும் சிங்க ஆட்டம் வரும். அதைக் குழந்தைகளுக்கான கேளிக்கை என்று ஒதுக்குபவர்கள் உண்டு. ஆனால் பள்ளியின் தரத்தைக் காட்டிக்கொடுப்பதே அதுதான். தென்சீனச் சிங்கத்தின் தலை மூங்கில் சட்டத்தில் காகிதமும் துணியும் ஒட்டிச் செய்தது. அதைப் பிடிப்பவர் இமையையும் வாயையும் அசைத்தபடியே குதிக்க வேண்டும். அவரைவிடப் பின்னால் இருப்பவரையே நான் மெச்சுவேன். குனிந்த முதுகோடு, முன்னவரின் இடுப்புப் பட்டையைப் பற்றி, அவரை அலாக்காகத் தூக்குகிறார். கால்களை அகட்டி முழங்காலை மடக்கும் குதிரை நிலையில் நின்று தொடை உரமேறாதவரால் இது முடியாது. ஃபோஷானில் பிறந்த வோங் ஃபெய்-ஹுங் குங்ஃபூ ஆசானாக மட்டுமன்றிச் சிங்க ஆட்டக்காரராகவும் பேரெடுத்ததில் வியப்பில்லை.

இரும்புத் தூண்களின்மேல் தாவும் இன்றைய போட்டி ஆட்டம் வெறும் வித்தையாகிவிட்டது என்பார்கள். ஓரளவு சரிதான், தாவலை எண்ணும் கண் சிங்கத்தின் குணத்தைக் கவனிப்பதில்லை. ஆனாலும் தூணில் இறங்கும் காலை நடுங்காமல் காப்பது அதே பழைய பயிற்சிதான். குணம் வேண்டுவோர் கீரை பறிக்கும் கட்டத்தைப் பார்க்கலாம்: தொங்கும் லெட்டூஸைச் சிங்கம் முகர்ந்து, சந்தேகப்பட்டு, பின்வாங்கி, மறுபடி நெருங்கும், மேளக்காரர் அதன் தலையைப் பார்த்தே அடியை மாற்றுவார். கடைசியில் இலையைக் கூட்டத்தின்மேல் துப்பிவிட்டு, பணம் வைத்த சிவப்பு உறையை மட்டும் விழுங்கிக்கொள்ளும்.