பட்டாலியன் கடந்துபோன பிறகு தொடங்கும் கதைகள்

செலண்டாரிலிருந்து காரில் போனால் ஒரு மணி நேரத்துக்குள் கெமென்சே பாலம் வந்துவிடும். 1942 ஜனவரி 14 அன்று, ஆஸ்திரேலியாவின் 2/30ஆம் பட்டாலியனைச் சேர்ந்த ஒரு கம்பெனி அங்கே சாலையோரக் காட்டில் பதுங்கியிருந்தது. அந்தப் பட்டாலியனுக்கு அதுதான் முதல் சண்டை. சைக்கிளில் வந்த ஜப்பானியரில் சில நூறு பேரைக் கடக்கவிட்டு, பாலத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஆனால் பின்னாலிருந்த பீரங்கிகள் உதவிக்கு வரவில்லை. அவற்றுக்குப் போன தொலைபேசிக் கம்பியை ஜப்பானியர் அறுத்துவிட்டிருந்தார்கள்.

இதெல்லாம் ஆஸ்திரேலியர்களின் புத்தகங்களில் மணிக்கணக்கோடு இருக்கிறது. நம் நாவல்களில்?

ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ இரண்டும் நமக்கு முக்கியமானவை. அவை இல்லாவிட்டால் அந்தச் சாவுகளைப் பற்றி என் தலைமுறைக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது. ஆனாலும் ஒரு குறை எனக்கு உறுத்துகிறது. நம் போர்க்கதைகளின் கனம் முழுக்க ரயில்பாதையில்தான் விழுகிறது. படை வந்த அந்த முதல் வாரங்கள் வெறும் முன்னுரையாகிவிடுகின்றன.

“பட்ட கஷ்டத்தைத்தானே எழுத முடியும்?” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் தொடக்கம் இல்லாமல்போனால் ஜப்பான்காரன் வெள்ளம் மாதிரி, கொள்ளைநோய் மாதிரி ஆகிவிடுகிறான். துரை ஓடிப்போனது, ரப்பர் ஏற்றுமதி நின்றது, பால்வெட்டு இல்லாமல் லயங்கள் பட்டினி கிடந்தது: சயாமுக்கு ஆள் கிடைத்ததற்கு இவைதான் காரணங்கள். முடிவு அந்தத் தொடக்கத்திலேயே இருக்கிறது.

ப. சிங்காரத்துக்கு இது தெரிந்திருந்தது. 1972இல் வெளிவந்த ‘புயலிலே ஒரு தோணி’ ஜப்பானியப் படை மெடான் நகருக்குள் நுழைவதில்தான் தொடங்குகிறது. தளபதியின் வரைபடத்திலிருந்து அல்ல, தெருவில் நின்று பார்க்கிறார். நம் தோட்டத்துச் சாலையை அப்படிப் பார்த்த நாவல் ஒன்றை நான் இன்னும் வாசிக்கவில்லை.

தம்பின் பக்கத்துத் தோட்டமொன்றில் அப்போது என் பாட்டிக்கு ஆறு வயது. “மொதல்ல சத்தந்தான்யா வந்துச்சு, தகரத்த ரோட்டுல இழுக்குற மாதிரி” என்பார். டயர் கிழிந்த சைக்கிள்களை வெறும் ரிம்மிலேயே ஓட்டி வந்தார்கள் என்பதைப் பிற்பாடு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அவர் சொன்னதை அதுவரை நான் நம்பியிருக்கவில்லை.

அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். நம்மில் யாராவது போய் உட்கார்ந்து கேட்க வேண்டும், அதுவும் சீக்கிரமாக.