அப்புக்காத்தும் சட்டத்தரணியும்

கொழும்புத்துறையில் வேலிச் சண்டை முற்றி யாழ்ப்பாண நீதிமன்றுக்குச் செல்ல நேர்ந்தவர் முற்காலத்தில் முதலில் நாடியது பிறக்கிராசியை. பத்திரங்களை ஒழுங்குசெய்து வழக்கைத் தாக்கல் செய்பவர் அவர். வாதாடுதற்கென அவர் அமர்த்துபவர் அப்புக்காத்து. முன்னைய சொல் போர்த்துக்கேயர் வழியும் பின்னையது ஒல்லாந்தர் வழியும் வந்தனவாகக் கொள்ளப்படும். தனித்தமிழ் வேட்கையுடையார்க்கு இவை கொச்சை. ஆயினும் எக்கருமத்துக்கு எவரிடம் செல்வது என்பதை ஐயமற உணர்த்திய சொற்கள். வாயாடிப் பிள்ளையை ‘அப்புக்காத்து’ என்று பகடி செய்யுமளவுக்கு ஊர்ப்பேச்சில் ஊறியவை.

1973 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க நீதி நிருவாகச் சட்டம் 1974 இல் நடைமுறைக்கு வந்தபோது இரு பிரிவினரும் ஒன்றாக்கப்பட்டனர். சட்டத்தரணி என்பதே பொதுப்பெயராயிற்று. தொழிலுக்குள் நிலவிய மேல் கீழ் நீங்கியமை நன்றே. சொல்லைப் பற்றி அவ்வாறு கூறுதல் அரிது. வடமொழியின் வெவ்வேறு தகரங்கள் தமிழில் ஓரெழுத்தாகவே அமைதலின் ‘தரணி’ நிலமும் ஆகலாம், ஓடமும் ஆகலாம். துறையூரார் ஓடம் எனக் கொண்டு ஆறுதல் அடையலாம். ஏனையோர் செவிக்கு நிலமே தோன்றும். தமிழகத்தின் ‘வழக்கறிஞர்’ கேட்ட அளவிலேயே விளங்குகின்றது.

வேலைப் பிரிவோ மறைந்திலது. வழக்குப் பத்திரங்களிற் கையொப்பமிடுபவர் ‘பதிவுசெய்யப்பட்ட சட்டத்தரணி’. மன்றில் எழுந்து வாதிடுபவர் வேறொருவராதல் இன்றும் உண்டு. முன்பு தனிச்சொல் உணர்த்தியதை இன்று அடைமொழி சேர்த்து உணர்த்தவேண்டியுள்ளது. பெயர்ப்பலகைகளிலோ ‘சட்டத்தரணியும் பிரசித்த நொத்தாரிசும்’ என்றே காணப்படும். ஒல்லாந்தர் தந்த நொத்தாரிசை நீக்க எவரும் விரைந்திலர்.