அறிந்தவர் ஆண்டால் போதுமா?

மாரி கடுமையாகப் பெய்யும் ஆண்டுகளில் மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்து வாழும் மக்களிடையே ஒரு கேள்வி எழாமல் இருப்பதில்லை: முகத்துவாரத்தை எப்போது வெட்டுவது? படுவான்கரை வயல்கள் நீரில் ஆழ்ந்து கிடக்கின்றன. இன்றே வெட்டினால்தான் பயிர் பிழைக்கும் என்கிறார் வேளாண்மை செய்பவர். வாவி நீர் அவசரமாகக் கடலுக்கு வடிந்தால் இறாலும் மீனும் அதனோடு போய்விடும், சற்றுப் பொறுங்கள் என்கிறார் தோணிக்காரர். நீர்மட்டத்தை அளந்து பார்த்து நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஒரு கணக்குச் சொல்கிறார். முடிவைச் சொல்லவேண்டியவர் மாவட்டச் செயலாளர். அவர் பொறியியல் கற்றவராக இருக்க வேண்டியதில்லை. வலை வீசத் தெரிந்தவராகவும் இருக்க வேண்டியதில்லை. ஆனால் இம்மூவரில் ஒருவரையேனும் கேளாமல் மணல்திட்டை வெட்டச் சொன்னாரானால், அந்த ஆண்டு ஏதோ ஒரு கரையில் அடுப்பு எரியாது.

நாட்டை ஆளும் அமைச்சர்களைப் பற்றிப் பேசும்போது இந்த எளிய உண்மையை நாம் மறந்துவிடுகிறோம். 2024 நவம்பரில் பதவியேற்ற அமைச்சரவையில் மருத்துவர் ஒருவர் சுகாதாரத்துக்கும், பல்கலைக்கழக விரிவுரையாளராக இருந்த பிரதமர் கல்விக்கும் பொறுப்பேற்றபோது, நமது ஆசிரியர்களிடையேயும் மாணவர்களிடையேயும் பழைய விவாதம் ஒன்று புத்துயிர் பெற்றது. ஒரு துறையை நடத்துபவர் அத்துறையைக் கற்றவராக இருக்கவேண்டும் என்பது ஒரு சாராரின் வாதம். வைத்தியசாலையைப் பற்றி ஏதும் அறியாதவர் வைத்தியசாலைகளை ஆள்வதா என்று அவர்கள் கேட்கிறார்கள்.

இக்கேள்வியில் நியாயம் இல்லையென்று கூறிவிட முடியாது. 2020 நவம்பரில், கொரோனா நோய் பரவிக்கொண்டிருந்த வேளையில், அன்றைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி மந்திரித்த நீர்க்குடத்தை ஆற்றிலே விட்டு நோய் தணிய வேண்டினார். அவர் சட்டம் கற்றவர். 2021 ஜனவரியில் அவரையே அந்நோய் பற்றியது. இக்காட்சியைக் கண்ட மக்கள், 'படித்தவர்கள் வந்தால் போதும்' என்று ஏங்கியதில் வியப்பில்லை.

ஆனால் படித்தவர்கள் வரத்தான் செய்தார்கள். 2019ஆம் ஆண்டுத் தேர்தலில் கோட்டாபய ராஜபக்ச பதவிக்கு வந்தபோது அவருக்குப் பக்கபலமாக நின்றது, பேராசிரியர்களும் தொழில்வல்லுநர்களும் நிறைந்த 'வியத்மக' என்னும் அமைப்பு. நிபுணர்களின் ஆட்சி என்று அது போற்றப்பட்டது. அந்த ஆட்சிதான் 2021 மே மாதத்தில் ஒரே வர்த்தமானி அறிவித்தலால் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்தது. பத்தாண்டுகளில் படிப்படியாகச் செய்வதாகத் தேர்தலின்போது வாக்களித்த மாற்றம், ஒரு போகத்துக்குள் திணிக்கப்பட்டது.

இதன் விளைவை அறிய ஆய்வுகூடம் தேவையில்லை. ஐம்பது கிலோ யூரியா மூடை ஒன்றில் நைதரசன் இருபத்து மூன்று கிலோ. நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு நைதரசன் கொண்ட கூட்டெருவில் அதே அளவைப் பெறவேண்டுமானால், ஒன்றரைத் தொன்னுக்கு மேல் எரு வேண்டும். அதை யார் தயாரிப்பது? எந்த வண்டியில் ஏற்றிப் படுவான்கரையின் சேற்றுப் பாதைகளைக் கடப்பது? பெரும்போகத்துக்கு விதைக்கும் எந்தக் கமக்காரரும் கேட்டிருக்கக்கூடிய கேள்விகள் இவை. நாட்டின் விவசாய விஞ்ஞானிகளும் இதையே எடுத்துரைத்தார்கள். எவர் சொல்லும் ஏறவில்லை. 2021 டிசம்பரில், உணவுத் தட்டுப்பாடு வரக்கூடும் என்று வெளிப்படையாகக் கூறிய விவசாய அமைச்சின் செயலாளர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அவரும் ஒரு பேராசிரியர்தான். விளைச்சல் வீழ்ந்தது, அரிசியை வெளிநாட்டிலிருந்து வாங்க நேர்ந்தது. 2022 ஏப்ரலில் ஜனாதிபதியே அம்முடிவு தவறென ஒப்புக்கொண்டார். கடனுக்கு விதைத்தவருடைய கடனை அந்த ஒப்புதல் தீர்த்துவிடவில்லை.

ஆகவே, அந்த ஆட்சியில் அறிவாளிகளுக்குக் குறைவில்லை. 'இது கூடாது' என்று சொன்ன அறிவாளிக்குத்தான் அங்கே இடமில்லாது போயிற்று.

இன்னொரு சம்பவம் இதைவிடக் கொடியது. கொரோனாவால் இறந்தவர் அனைவரையும் எரித்தே ஆகவேண்டும் என்று 2020 ஏப்ரலில் சட்டம் செய்யப்பட்டது. புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தது. எனினும், நிலத்தடி நீர் மாசுபடும் என்று நிபுணர் குழு கருதுகிறது என அரசு பதில் சொல்லிவந்தது. பிறந்து இருபது நாட்களேயான முஸ்லிம் குழந்தையின் உடலும் பெற்றோரின் மறுப்பை மீறி எரிக்கப்பட்டது. கடைசியில் 2021 மார்ச்சில், நமது மாவட்டத்தின் ஓட்டமாவடியை அடுத்த மஜ்மா நகரில் ஜனாஸாக்களை அடக்க அனுமதி கிடைத்தது. தீவின் பல பகுதிகளிலிருந்தும் உடல்கள் அங்கே வந்து சேர்ந்தன. அன்றுவரை நீரைக் கெடுக்கும் என்று சொல்லப்பட்ட உடல்களை மண் அமைதியாக ஏற்றுக்கொண்டது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது.

இங்கே நிபுணத்துவம் என்ன தொழில் செய்தது? ஒரு சமூகத்தின் மீதிருந்த காழ்ப்புக்கு அது வெள்ளைச் சட்டை போட்டுவிட்டது. முடிவு முதலிலும் காரணம் பின்னாலும் வந்தால், அக்காரணத்தைச் சொல்பவர் எத்தனை பட்டம் பெற்றிருந்தாலும் அது விஞ்ஞானமாகாது.

இனி நமது வரலாற்றின் மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். இலவசக் கல்வியின் தந்தை என்று நாம் போற்றும் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா ஒரு வழக்கறிஞர். 1931 முதல் 1947 வரை நடைமுறையிலிருந்த டொனமூர் அரசியலமைப்பில், சட்டசபை உறுப்பினர்கள் ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்து அமர்ந்தார்கள். ஒவ்வொரு குழுவும் தெரிந்தெடுத்த தலைவரே அமைச்சரானார். அந்த அமைப்பில் குறைகள் பல இருந்தன. ஆயினும் தமது குழுவோடு வாதிடாமல் அங்கே எந்த அமைச்சரும் ஓர் அடி எடுத்துவைக்க முடியாது. கன்னங்கரா தலைமை தாங்கிய கல்வி விசேட குழு 1943இல் அறிக்கை தந்தது. 1945 அக்டோபரில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கிராமங்களில் மத்திய கல்லூரிகள் எழுந்தன. வந்தாறுமூலையில் எழுந்த மத்திய கல்லூரியின் வளாகத்தில்தான் 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றி, பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. இக்கட்டுரையைப் படிக்கும் மாணவருள் பலர் அந்த வழக்கறிஞரின் பிடிவாதத்தால் படித்தவர்கள்.

கற்றவரும் நல்லெண்ணம் உடையவருமான ஒருவர் அமைச்சரானால் எல்லாம் நிறைவேறுமா? அமெரிக்காவின் விஸ்கொன்சினில் பயின்று, உழவர் பிரச்சினையை ஆழ்ந்து கற்ற பிலிப் குணவர்த்தன 1956இல் விவசாய அமைச்சரானார். குத்தகைக் கமக்காரரைப் பாதுகாக்கும் நெற்காணிச் சட்டம் 1958இல் நிறைவேறியது. பயிர்செய்வோரின் பிரதிநிதிகள் அமரும் பயிர்ச்செய்கைக் குழுக்களுக்கும் அது வழிசெய்தது. போடியாரின் வாசலில் கைகட்டி நின்ற வயற்காரனுக்குச் சட்டத்தில் ஓர் இடம் கிடைத்தது. அடுத்த ஆண்டே, சக அமைச்சர்கள் அமைச்சரவைக் கூட்டங்களைப் பகிஷ்கரித்து அவருடைய அதிகாரங்களைக் குறைக்க வைத்தார்கள். 1959 மே மாதத்தில் அவர் வெளியேறினார். அவரைத் தோற்கடித்தது அறியாமையல்ல. நிலவுடைமையாளரின் நலன் தன் எதிரியை நன்றாக அறிந்தே அடித்தது.

எனவே 'அமைச்சர் துறை அறிந்தவரா?' என்ற ஒற்றைக் கேள்வியோடு நின்றுவிடுவது நம்மை ஏமாற்றிக்கொள்வதாகும். மருத்துவர் சுகாதார அமைச்சரானால் நன்று. ஆனால் அவர் மருத்துவர்களுக்கு மட்டுமே அமைச்சராகிவிடக் கூடாது. தாதியரும், நகரத்து வைத்தியசாலைக்கு வர வாவியைக் கடக்கும் கர்ப்பிணியும் அறிந்தது அவருடைய பாடநூலில் இருப்பதில்லை. குறளில் 'பெரியாரைத் துணைக்கோடல்' என்றோர் அதிகாரம் உண்டு. தவறு கண்டவிடத்துக் கடிந்து பேசும் துணையைத் தேடிக்கொள்ளுமாறு அரசனுக்கு அது அறிவுறுத்துகிறது. அரசனுக்குச் சொன்னது மக்களாட்சியின் அமைச்சருக்கு இரட்டிப்பாகப் பொருந்தும்.

நாம் கேட்கவேண்டியவை திட்டவட்டமானவை. எந்த நிபுணர் கருத்தைக் காட்டி ஒரு முடிவு எடுக்கப்படுகிறதோ, அக்கருத்து முழுமையாக, மாறுபட்டவர்களின் கருத்தோடு சேர்த்து, சிங்களத்திலும் தமிழிலும் வெளியிடப்பட வேண்டும். ஆபத்தை முன்கூட்டிச் சொல்லும் அதிகாரியை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பும் அதிகாரம் எந்த அமைச்சருக்கும் இருக்கக்கூடாது. முடிவின் சுமையைத் தாங்கப்போகிறவர்கள் அம்முடிவு எடுக்கப்படும் இடத்தில் அமரவேண்டும்.

இவை புதுமையான கோரிக்கைகளல்ல. போகம் தொடங்குமுன் குளத்துநீரைப் பற்றி முடிவுசெய்ய, அதிகாரிகளும் வட்டை விதானைமாரும் கமக்காரரும் ஒரே கூட்டத்தில் அமரும் வழக்கம் நமது மாவட்டத்தில் உண்டு. அங்கே சேறு படிந்த காலோடு எழுந்து நின்று, 'ஐயா, இந்தத் திகதிக்கு எங்கட கண்டத்துக்குத் தண்ணி வராது' என்று ஒருவர் சொல்கிறார், திகதி மாற்றப்படுகிறது. 2021 மே மாதத்தில் கொழும்பில் அப்படி ஒரு கூட்டம் நடந்திருந்தால், அந்த வர்த்தமானி வெளிவந்திருக்காது.